சிறையிலிருந்து கண்ட திருநகர்

மண்ணுலகில் வாழும் மாந்தர், எந்நாட்டினராயினும், இறப்புக்கு அப்பால் இருப்பது யாது என்று எண்ணாமல் இருந்ததில்லை. அவ்வெண்ணத்திற்கு விடையாகச் சமயங்கள் பலவும் தத்தமக்கு உரிய விண்ணுலகக் காட்சிகளைக் காட்டுகின்றன. கிறித்தவ சமயம் காட்டும் காட்சிகளுள் தலைசிறந்தது ஒரு நகரம். விவிலியத்தின் இறுதி நூலாகிய வெளிப்படுத்தின விசேஷம் அந்நகரத்தை விரித்துரைக்கின்றது. புதிய எருசலேம் என்பது அதன் பெயர். நாற்சதுரமாய் அமைந்த அந்நகருக்குப் பன்னிரண்டு வாயில்கள் உண்டு. ஒவ்வொரு வாயிலும் ஒரே முத்தால் ஆயது. மதிலின் அடிப்படைகள் பன்னிரண்டும் பன்னிரு வகை மணிகளால் அணி செய்யப்பெற்றவை. வீதியோ பசும்பொன்னால் ஆயது. அங்கே ஞாயிறும் வேண்டா, திங்களும் வேண்டா, இறைவனுடைய பேரொளியே நகருக்கு விளக்காகும். இரவு என்பது இல்லாமையால் வாயில்கள் அடைபடுவதும் இல்லை. கோயிலும் அங்கு இல்லை. இறைவனே கோயிலாய் விளங்குகின்றான். வாழ்வளிக்கும் ஆறு ஒன்று அந்நகரில் பாய்கின்றது. அதன் கரையில் நிற்கும் மரத்தின் இலைகள் உலக மக்களின் நோய் தீர்க்கும் மருந்தாகும். சாவும் துயரும் அழுகையும் அங்கே இல்லை.

இத்திருநகரைப் பற்றிப் பேரறிஞர் பலர் நூல் எழுதினர். ஓவியர் பலர் படம் தீட்டினர். ஆயினும், உழவரும் கைத்தொழிலாளரும் பெண்டிரும் சிறுவரும் தம் கண்ணால் கண்டாற்போல அதனைக் காணச் செய்தவர் ஒருவர். அவர் கல்லூரியில் பயின்றவர் அல்லர். செல்வக் குடியில் பிறந்தவரும் அல்லர். ஓட்டைப் பாத்திரங்களைச் செப்பனிட்டுப் பிழைத்த ஏழைத் தொழிலாளி அவர். பன்னிரண்டு ஆண்டுகள் சிறையில் வாடியவர். மூடிய கதவுகளுக்கு உள்ளே இருந்துகொண்டு மூடாத வாயில்களை உடைய நகரைப் பாடுபட்டுக் கண்ட அப்பெரியார் ஜான் பன்யன் ஆவர்.

இளமை

இங்கிலாந்து நாட்டிலே பெட்ஃபோர்டு என்னும் ஊர் உள்ளது. அதற்குத் தெற்கே அண்மையில் அமைந்த சிற்றூர் எல்ஸ்டோ என்பது. அவ்வூரில் 1628 ஆம் ஆண்டில் பன்யன் பிறந்தார். அவ்வாண்டு நவம்பர்த் திங்கள் 30 ஆம் நாளில் அவருக்கு ஞானத்தீக்கை அளிக்கப்பெற்றது. தந்தையார் தாமஸ் பன்யன், பித்தளை, செம்புக் கலங்களைப் பழுது பார்ப்பவர். வீடுதோறும் சென்று தொழில் செய்தவர். வறுமை மிக்க அவ்வீட்டில் கல்விக்கு வாய்ப்புக் குறைவு. எழுதவும் படிக்கவும் சிறிது கற்ற பன்யன், தந்தையின் தொழிலையே தாமும் மேற்கொண்டார்.

அவருக்குப் பதினாறு வயது நிரம்புமுன் துன்பம் தொடர்ந்து வந்தது. 1644 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அன்னையார் இறந்தார். அடுத்த மாதத்திலேயே தங்கையும் இறந்தாள். அக்காலத்தில் இங்கிலாந்தில் அரசருக்கும் பாராளுமன்றத்திற்கும் இடையே உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. அவ்வாண்டின் இறுதியில் பன்யன் பாராளுமன்றப் படையில் வீரராய்ச் சேர்க்கப்பெற்றார். ஒருமுறை முற்றுகை ஒன்றுக்குச் செல்லுமாறு அவருக்குக் கட்டளை பிறந்தது. புறப்படும் வேளையில் தோழன் ஒருவன் அவருக்கு மாற்றாகத் தான் செல்ல விரும்பினான், அவரும் இசைந்தார். அத்தோழன் காவல் புரிந்துகொண்டிருந்தபோது தலையில் குண்டு பாய்ந்து மாண்டான். தமக்கு வரவேண்டிய சாவு மற்றொருவனுக்குச் சென்றதை எண்ணி எண்ணிப் பன்யன் பிற்காலத்தில் உருகினார். தாம் எதற்காகப் பிழைக்க வைக்கப்பெற்றோம் என்னும் வினா அவர் உள்ளத்தில் வேரூன்றியது.

போர்க்களத்தினின்று மீண்ட பன்யன் விளையாட்டில் பெருவிருப்புடைய இளைஞராய் விளங்கினார். எல்ஸ்டோ ஊர்க் கோயிலின் கோபுரத்தில் தொங்கிய மணிகளைக் கயிறு பிடித்து இழுத்து ஒலிக்கச் செய்வது அவருக்குப் பேரின்பம் தந்தது. நம் நாட்டுக் கிட்டிப்புள்ளைப் போன்றதொரு விளையாட்டும் அங்கு உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், ஓய்வு நாளை விளையாட்டில் கழிப்பது தவறு என்னும் அறவுரையைக் கோயிலில் கேட்டார் பன்யன். உணவு உண்டதும் அதனை மறந்து ஆடுகளத்திற்குச் சென்றார். புள்ளை ஒருமுறை அடித்துவிட்டு, மறுமுறை அடிக்கக் கோலை ஓங்கிய அளவில், பாவத்தை விட்டு விண்ணகம் புகுவாயா, பாவத்தோடு நரகம் புகுவாயா என்று ஒரு குரல் தம் உள்ளத்தே வினவக் கேட்டார். ஓங்கிய கை அப்படியே நின்றது. திகைத்து மேலே நோக்கினார். ஆயினும், தாம் மீட்சிக்கு அப்பாற்பட்டவர் என்று மனம் கசந்து, மீண்டும் ஆட்டத்தில் இறங்கினார். ஆட்டம் தொடர்ந்தது, அமைதி மட்டும் மீளவில்லை.

உள்ளத்துப் போர்

ஏறத்தாழ 1649 ஆம் ஆண்டில் பன்யன் மணம் புரிந்துகொண்டார். மணமக்கள் இருவரும் வறியவர். தட்டும் கரண்டியும் கூட இல்லாமல் இல்வாழ்க்கை தொடங்கினர். மணமகள் கொண்டுவந்த சீர் இரண்டு நூல்கள் மட்டுமே. எளிய மனிதன் விண்ணகம் செல்லும் வழியைக் கூறுவது அவற்றுள் ஒன்று. பக்தி நெறியில் ஒழுகும் முறையைக் கூறுவது மற்றொன்று. இறைப்பற்று மிக்க தந்தையார் தம் மகளுக்கு விட்டுச் சென்ற செல்வம் அவை. மாலை வேளைகளில் இருவரும் அந்நூல்களைச் சேர்ந்து படித்தனர். மறந்துபோன எழுத்தறிவு மீண்டும் துளிர்த்தது. அவர்களுக்கு முதலில் பிறந்த மேரி என்னும் பெண் குழந்தை கண்பார்வை இல்லாதது. அக்குழந்தையிடம் தந்தைக்கு இருந்த அன்புக்கு எல்லை இல்லை.

பன்யன் தம் பழைய பழக்கங்களை ஒவ்வொன்றாய்க் கைவிடலானார். மணியடிப்பதும் வீண் களியாட்டு என அவருக்குத் தோன்றியது. அதனை விட்டார், விட்டும் ஆசை தீரவில்லை. பிறர் மணியடிப்பதைக் காணக் கோபுர வாயிலுக்குச் சென்று நிற்பார். மேலிருந்து மணி தம் தலைமீது விழுந்துவிடுமோ என்று அஞ்சி ஒதுங்கி நிற்பார். பின்னர்க் கோபுரமே சரிந்து விழுமோ என்று நடுங்கி ஓடிவிடுவார். இறைவனை அன்பினால் அறியாமல் அச்சத்தினால் மட்டும் அறிந்த நெஞ்சத்தின் நிலை இதுவாகும்.

ஒருநாள் தொழிலின் பொருட்டுப் பெட்ஃபோர்டு நகருக்குச் சென்றார். ஒரு தெருவில் ஏழைப் பெண்டிர் மூவர் நால்வர் வாயிற்படியில் வெயில் காய்ந்தவாறு பேசிக்கொண்டிருந்தனர். அவர்கள் பேச்சு ஊர்ப் பேச்சாக இல்லை. இறைவன் தங்கள் உள்ளத்தில் செய்த அருட்செயலைப் பற்றியதாக இருந்தது. மகிழ்ச்சியே அவர்களைப் பேசத் தூண்டியதுபோல் தோன்றியது. வேறோர் உலகத்தைக் கண்டு வந்தவர்கள் போல அவர்கள் பேசினர். சமய நூல்களைக் கற்றதாக எண்ணியிருந்த பன்யன், அவ்வேழைப் பெண்டிர் அறிந்ததைத் தாம் அறியவில்லை என உணர்ந்தார்.

அதன்பின் அவருக்கு ஒரு காட்சி தோன்றியது. உயர்ந்த மலையொன்றின் வெயில் படும் சாரலில் அப்பெண்டிர் குளிர் நீங்கி இன்புற்று இருக்கின்றனர். பன்யனோ பனியும் இருளும் சூழ்ந்த இப்புறத்தில் நடுங்கி நிற்கின்றார். இடையே மதில் ஒன்று தடுக்கின்றது. மதிலைச் சுற்றிச் சுற்றி வந்த அவர், இறுதியில் மிகக் குறுகிய இடைவெளி ஒன்றைக் காண்கின்றார். முதலில் தலையை நுழைக்கின்றார், பின்பு தோளை, பின்பு உடல் முழுவதையும் நுழைத்து அப்புறம் சென்று அவர்கள் நடுவே அமர்ந்து வெயில் காய்கின்றார். பிற்காலத்தில் உலகம் போற்றிய அவர்தம் நூலின் வித்து இக்காட்சியிலேயே அமைந்திருந்தது எனலாம்.

அப்பெண்டிர் சார்ந்திருந்த சபைக்கு ஜான் கிஃபர்டு என்பவர் போதகராய் இருந்தார். அவர் வழிகாட்டப் பன்யன் அச்சபையில் சேர்ந்தார். ஆண்டுகள் பல ஐயத்தாலும் அச்சத்தாலும் அலைப்புண்ட அவர் நெஞ்சம் மெல்ல மெல்ல அமைதி எய்தியது. பின்னர் அவரே பேசத் தொடங்கினார். காடுகளிலும் களஞ்சியங்களிலும் ஊர்வெளிகளிலும் மக்கள் திரண்டு அவர் உரையைக் கேட்டனர். கலம் செப்பனிட்ட கை, கலங்கிய உள்ளங்களைச் செப்பனிடலாயிற்று.

சிறைவாழ்வு

1658 ஆம் ஆண்டில் பன்யனின் மனைவியார் நான்கு சிறு மக்களை விட்டு இறந்தார். அடுத்த ஆண்டில் எலிசபெத்து என்னும் நங்கையைப் பன்யன் மணந்தார். தாயற்ற மக்களுக்குத் தாயாய் வந்த அவ்வம்மையார் பெருந்துணிவு வாய்ந்தவர். 1660 ஆம் ஆண்டில் இரண்டாம் சார்லசு மன்னர் அரியணை ஏறினார். இங்கிலாந்துத் திருச்சபைக்குப் புறம்பே கூட்டம் கூடி வழிபடுவோர்மீது பழைய சட்டங்கள் பாயத் தொடங்கின.

அவ்வாண்டு நவம்பர்த் திங்கள் 12 ஆம் நாளில் சாம்செல் என்னும் ஊரில் பேசுவதற்குப் பன்யன் சென்றார். அவரைப் பிடிக்கக் கட்டளை பிறந்திருப்பதாக அங்கே செய்தி கிடைத்தது. நண்பர் கூட்டத்தைக் கலைத்துவிடலாம் என்றார். பன்யன் இசையவில்லை. பிறரைத் துணிந்து நிற்கச் சொன்ன தாம் முதலில் ஓடினால், புதிதாய் நெறியில் வந்த எளியோர் என்ன ஆவர் என்று எண்ணினார். கூட்டம் தொடங்கியது, காவலர் வந்தனர், பன்யன் சிறைப்பட்டார்.

நடுவர் மன்றத்தில் அவருக்கு மூன்று மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அதன் பின்னும் திருச்சபை வழிபாட்டிற்கு வர இசையாவிட்டால் நாடு கடத்தப்படுவார். இசைவின்றி மீண்டு வந்தால் தூக்கிலிடப்படுவார் என்பது தீர்ப்பு. பேசுவதில்லை என்று ஒரு சொல் கூறினால் போதும், வீடு செல்லலாம் என்று பலரும் அறிவுறுத்தினர். இன்று விடுவித்தால் நாளையே பேசுவேன் என்பது பன்யனின் விடையாக இருந்தது. ஆகவே, மூன்று மாதம் பன்னிரண்டு ஆண்டுகளாக நீண்டது. சிறைக்கதவின் திறவுகோல் பிறர் கையில் இருந்ததாயினும், அதனைத் திருப்பும் ஆற்றல் அவர்தம் நாவில் இருந்தது. அந்நாவை அவர் அசைக்கவில்லை.

1661 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் எலிசபெத்து அம்மையார் பெட்ஃபோர்டுக்கு வந்த நடுவர்முன் தனியே சென்று நின்றார். கணவர் சிறைப்பட்ட அதிர்ச்சியால் கருவிலிருந்த குழந்தையை இழந்தவர் அவர். சிறு மக்கள் நால்வர் இருப்பதையும், அவர்களுள் ஒருத்தி கண்ணில்லாதவள் என்பதையும், ஊரார் ஈவதைக் கொண்டே உயிர் வாழ்வதையும் எடுத்துரைத்தார். நடுவருள் ஒருவராகிய மேத்யூ ஹேல் இரங்கினார், மற்றவர் சீறினர். பேசுவதைக் கைவிடுவாரா என்று கேட்டபோது, பேச முடியும் வரை அதனைக் கைவிட அவர் துணியார் என்று அம்மையார் அஞ்சாமல் கூறினார். வேண்டுகோள் பயன் தரவில்லை. அம்மையார் கண்ணீருடன் வெளியே வந்தார். தமக்கு இழைத்த கொடுமையை எண்ணி அவர் அழவில்லை; இறைவன் வரும் நாளில் இம்மனிதர் எத்தகைய கணக்கை ஒப்படைக்க நேருமோ என்று எண்ணியே அழுதார். பகைவருக்கும் இரங்கிய அவ்வுள்ளத்தின் உயர்வை என்னென்பது!

சிறையில் பன்யன் பட்ட துயர் சிறிதன்று. மனைவி மக்களைப் பிரிவது எலும்பினின்று தசையைப் பிய்ப்பதுபோல் இருந்ததாக அவர் எழுதினார். கண்ணற்ற மேரி பசியாலும் குளிராலும் வருந்துவாளே, பிறரால் அடிபடுவாளே என்னும் எண்ணம் அவர் நெஞ்சைப் பிளந்தது. குடும்பத்தைக் காக்கச் சிறையிலேயே கைத்தொழில் செய்தார். நீண்ட நாடாக்களின் முனையில் உலோகக் கூர் பொருத்தும் வேலை அது. ஆயிரக்கணக்கில் அவற்றைச் செய்து விற்று, வந்த பொருளை வீட்டிற்கு அனுப்பினார்.

எல்லாவற்றிலும் கொடிய சோதனை வேறொன்று. தம்மைத் தூக்கிலிடவும் கூடும் என்று நம்பிய தொடக்க நாட்களில், விண்ணகம் உண்டு என்று பிறருக்கு உரைத்த அவருக்கே, தமக்கு அங்கே இடம் உண்டா என்னும் ஐயம் எழுந்தது. கழுத்தில் கயிறுடன் ஏணியின்மேல் நிற்கும்போது கால்கள் நடுங்கினால் என்ன செய்வது? இறக்கும் வேளையில் இறைவன் முகம் காட்டாவிட்டால் என்ன செய்வது? வாரக்கணக்கில் இவ்வாறு வருந்திய பின் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். தமக்கு ஆறுதல் அளிப்பதும் அளிக்காததும் இறைவன் விருப்பம். மெய்யை விடாமல் நிற்பது தம் கடமை. விண்ணகம் கிடைப்பினும் கிடைக்காவிடினும், கண்ணைக் கட்டிக்கொண்டு குதிப்பவனைப் போல இறைவன் பெயரால் துணிந்து குதித்துவிடுவது என உறுதி கொண்டார். உறுதி கொண்ட அக்கணமே உள்ளத்தில் அமைதி பிறந்தது. விண்ணகத்தைக் கூலியாகக் கருதாமல் கடமையைக் கடமைக்காகவே செய்யத் துணிந்த பின்னரே, விண்ணகத்தைத் தெளிவாய்க் காணும் கண் அவருக்குத் திறந்தது.

சிறையில் அவருடன் வேறு பலரும் சமயக் கொள்கைக்காக அடைபட்டிருந்தனர். ஞாயிறுதோறும் அவர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் பேசுவது வழக்கம். ஒருநாள் பன்யனின் முறை வந்தது. அன்று அவர் உள்ளம் வறண்டு கிடந்தது. சொல்ல ஒரு சொல்லும் எழவில்லை. விவிலியத்தைப் புரட்டிய கண்கள், புதிய எருசலேம் மணிபோல் ஒளி வீசுவதைக் கூறும் பகுதியில் தற்செயலாய்ப் பதிந்தன. அவர் பேசத் தொடங்கினார். பேசப் பேசப் பொருள் ஊற்றெனப் பெருகியது. அவ்வுரையே விரிந்து, திருநகரம் என்னும் நூலாய் 1665 ஆம் ஆண்டில் வெளிவந்தது. அந்நகரம் வெறும் பொன்னும் மணியும் அன்று, ஒளி பெற்று விளங்கும் இறைமக்களின் கூட்டமே அது என்று அந்நூலில் அவர் விளக்கினார். மறு ஆண்டில் தம் வாழ்க்கை வரலாற்றையும் எழுதி வெளியிட்டார்.

மோட்ச யாத்திரை

1672 ஆம் ஆண்டில் மன்னர் பிறப்பித்த ஆணையால் பன்யன் விடுதலை பெற்றார். பெட்ஃபோர்டுச் சபையார் அவரையே தங்கள் போதகராய்த் தேர்ந்திருந்தனர். ஒரு களஞ்சியமே அவர்களுக்குக் கோயிலாயிற்று. பின்னும் ஒருமுறை, 1677 ஆம் ஆண்டளவில், சில மாதங்கள் அவர் சிறையில் இருக்க நேர்ந்தது. 1678 ஆம் ஆண்டில் அவர்தம் தலைசிறந்த நூலாகிய மோட்சப் பிரயாணம் இலண்டனில் வெளிவந்தது. அதனை அவர் எழுதத் தொடங்கியது சிறையில்தான் என்பது அறிஞர் பலரின் கருத்து. கையெழுத்துப் படியைக் கண்ட நண்பருள் சிலர் அச்சிடலாம் என்றனர். சிலர் கூடாது என்றனர். பன்யன் அச்சிடத் துணிந்தார். அவ்வாண்டிலேயே இரண்டாம் பதிப்பும் அடுத்த ஆண்டில் மூன்றாம் பதிப்பும் வெளிவந்தன.

கனவில் கண்டதாக அமைந்த கதை அது. அழிவு நகரத்தில் வாழும் கிறித்தியான் என்பவன் முதுகில் பெருஞ்சுமை தாங்கி, விண்ணக நகரை நோக்கிப் புறப்படுகின்றான். அண்டை வீட்டான் ஒருவன், எளிதில் இணங்கும் இயல்பினன், அந்நகரத்துச் சிறப்புகளைக் கேட்டறிகின்றான். முடிவில்லாத அரசு, ஒளிவீசும் ஆடை, கண்ணீர் இல்லாத வாழ்வு ஆகியவற்றைக் கேட்டு நாவூறுகின்றான். விரைந்து நடப்போம் என்கின்றான். சிறிது தொலைவில் இருவரும் சேற்றில் விழுகின்றனர். சினம் கொண்ட அவன், தன் வீட்டின் பக்கமாய்க் கரையேறித் திரும்பிவிடுகின்றான். நகரத்தின் இன்பங்களை மட்டும் விரும்புவோர் முதல் சேற்றிலேயே திரும்பிவிடுவர் என்பது பன்யன் காட்டும் உண்மை.

கிறித்தியான் சிலுவையின் அடியில் தன் சுமை கழலப் பெறுகின்றான். துன்ப மலை ஏறுகின்றான். சாவின் நிழல் படர்ந்த பள்ளத்தாக்கைக் கடக்கின்றான். மாயச் சந்தை என்னும் ஊரில் உடன் வந்த தோழன் பொய்த் தீர்ப்பால் கொல்லப்படுகின்றான். நீதிமன்றத்தின் சிறுமையைப் பன்யன் நேரில் அறிந்தவர் அன்றோ! அவநம்பிக்கை என்னும் அரக்கன் தன் கோட்டையில் கிறித்தியானை அடைத்து வைக்கின்றான். வாக்குறுதி என்னும் திறவுகோல் தன் மார்பிலேயே இருப்பதை நினைவுகூர்ந்து அவன் தப்புகின்றான். இன்ப மலைமீது ஆயர்கள் தொலைநோக்குக் கண்ணாடி தந்து விண்ணக வாயிலைக் காட்டுகின்றனர். கை நடுங்குவதால் கண்ணாடி நிலைபெறவில்லை. நகரின் வாயிலும் அதன் ஒளியும் மங்கலாகவே தெரிகின்றன. மண்ணில் நின்று விண்ணை நோக்குவோர் அனைவர் நிலையும் இதுதான் என்பதை இதனினும் எளிதாய் எவரால் உரைக்க இயலும்!

இறுதியில் ஓர் ஆறு குறுக்கிடுகின்றது. அதற்குப் பாலம் இல்லை. அதுவே சாவு. நம்பிக்கை உடையார்க்கு ஆழம் குறைந்தும், இல்லார்க்கு ஆழம் மிகுந்தும் தோன்றும் ஆறு அது. கிறித்தியான் மூழ்கத் தொடங்குகின்றான். உடன் வந்த தோழன் அவன் தலையைத் தாங்கிப் பிடிக்கின்றான். சாகும் ஆடையை ஆற்றிலேயே விட்டு இருவரும் கரையேறுகின்றனர். ஒளி உருவினர் எதிர்கொண்டு அழைத்துச் செல்கின்றனர். அரசனுடன் நாள்தோறும் உலவி உரையாடலாம். உடல் நலிவால் மண்ணில் நிறைவாய்ச் செய்ய இயலாத தொண்டை அங்கே நிறைவாய்ச் செய்யலாம். முன் சென்ற அன்பரைக் காணலாம். பின் வருவோரை வரவேற்கலாம் என்று அவர்கள் கூறுகின்றனர். வாயில் திறக்கின்றது. நகரத்து மணிகள் எல்லாம் மகிழ்ச்சியால் ஒலிக்கின்றன. இளமையில் அஞ்சி ஓடிய மணியோசையைப் பன்யன் விண்ணகத்தில் அச்சமின்றி ஒலிக்கச் செய்துவிட்டார்!

அவர்கள் புகுந்ததும் வாயில் மூடப்படுகின்றது. கனவு காண்பவர் வெளியே நிற்கின்றார். தாமும் அவர்களுள் ஒருவராய் இருக்கலாகாதா என்று ஏங்குகின்றார். அதே வேளையில், தகுதிச் சீட்டு இன்றி வாயில்வரை வந்த ஒருவன் திருப்பி அனுப்பப்படுகின்றான். விண்ணக வாயிலினின்றும் நரகத்திற்கு வழி உண்டு என்னும் எச்சரிக்கையுடன் கனவு கலைகின்றது.

1684 ஆம் ஆண்டில் இந்நூலின் இரண்டாம் பகுதி வெளிவந்தது. கிறித்தியானின் மனைவியும் மக்கள் நால்வரும் அதே வழியில் செல்வதை அது கூறுகின்றது. முதற்பகுதி ஒரு வீரனின் செலவு; இரண்டாம் பகுதி மெலிந்தோரின் செலவு. ஊன்றுகோல் இன்றி நடக்க இயலாத முதியவர் அங்கே வருகின்றார். ஆற்றங்கரையில் ஊன்றுகோலைப் போட்டுவிட்டுச் செல்கின்றார். வாழ்நாள் எல்லாம் அஞ்சி நடுங்கிய ஒருவர் ஆற்றைக் கடந்த நாளில், நீர் என்றுமில்லாத அளவு வற்றிக் காலை மட்டுமே நனைத்தது. மற்றோர் அச்சம் மிக்க பெண் பாடிக்கொண்டே ஆற்றில் இறங்குகின்றாள்; அவள் பாடிய சொற்கள் எவருக்கும் விளங்கவில்லை. மெலியோரை வெறுத்துத் தள்ளாத நகரமே விண்ணகம் எனப் பன்யன் கண்டார். கண்ணற்ற மகளுக்காகச் சிறையில் உருகிய தந்தையின் உள்ளம் அன்றோ அவ்வாறு கண்டது!

இறுதியும் புகழும்

போதகராய் விளங்கிய பன்யன், பகைத்தோரை இணைத்து வைப்பதைப் பெரும்பணியாய்க் கருதினார். 1688 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், மகன்மீது சினம் கொண்டிருந்த தந்தை ஒருவரைக் காண ரெடிங் நகருக்குக் குதிரைமீது சென்றார். இருவரையும் ஒன்றுபடுத்தினார். அங்கிருந்து இலண்டன் செல்லும் வழியில் பெருமழையில் நனைந்தார். காய்ச்சல் கண்டது. நண்பர் ஒருவர் இல்லத்தில் 31 ஆம் நாளில் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது அறுபதும் நிரம்பவில்லை. இலண்டனில் பன்ஹில் என்னும் இடுகாட்டில் அவர் உடல் அடக்கம் செய்யப்பெற்றது. உறவுகளைக் கூட்டி வைக்கச் சென்ற செலவே அவர்தம் இறுதிச் செலவாயிற்று.

அவர் எழுதிய மோட்சப் பிரயாணம் இருநூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளில் பெயர்க்கப்பெற்றுள்ளது. தமிழிலும் அது உரைநடையாய் வந்தது. திருநெல்வேலிச் சீமையில் வைணவக் குடியில் தோன்றிக் கிறித்தவரான எச். ஏ. கிருஷ்ண பிள்ளை அவர்கள் அதனைத் தழுவி இரட்சணிய யாத்திரிகம் என்னும் காப்பியத்தை இயற்றினார். அது 1894 ஆம் ஆண்டில் வெளிவந்தது. எல்ஸ்டோ ஊரின் ஏழைத் தொழிலாளி கண்ட கனவு, கம்பன் கவி நலம் தோய்ந்த தமிழில் பொருநைக் கரையிலும் ஒலிக்கலாயிற்று.

விண்ணகம் எத்தகையது என்னும் வினாவிற்குப் பன்யன் அளித்த விடை பொன்வீதியும் முத்துவாயிலும் மட்டும் அன்று. அது கண்ணீரற்ற நகரம். மெலியோரும் புகும் நகரம். தொண்டு நிறைவு பெறும் நகரம். அதற்குச் செல்லும் வழியோ மண்ணின்மீதே கிடக்கின்றது. சேற்றின் ஊடாகவும் சிறையின் ஊடாகவும் செல்கின்றது. பரிசு கிடைக்குமா என்று கணக்கிட்டு நின்றிருந்தால் பன்யன் ஒரே சொல்லில் விடுதலை பெற்றிருக்கலாம். அந்நகரையும் நாம் அவர் கண் வழியே கண்டிருக்க மாட்டோம். மெய்யின் பொருட்டு நாவைக் காத்து, அன்பின் பொருட்டு மழையில் நனைந்த அப்பெரியாரின் வாழ்வே, அவர் எழுதிய யாத்திரை நூலுக்குச் சிறந்த உரையாகும்.